‘அக்செப்ட்’ பட்டனை அமுக்கும் முன்: ஆன்லைன் ஆர்டரில் பட்டறை நடத்துவோருக்கு ஒரு பாடம்

கோவை ஆவாரம்பாளையத்திலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரே ஒரு வி.எம்.சி. மெஷின் போட்டுப் பட்டறை நடத்துபவருக்கு வேலை எங்கிருந்து வரும்? இத்தனை நாளும் பக்கத்துத் தெருவிலிருந்துதான். ஒரு பம்ப் கம்பெனி, ஒரு ஜவுளி மெஷின் கம்பெனி, முன்பு வேலை பார்த்த இடத்து முதலாளி என்று மூன்று நான்கு பேர். அவர்களுக்கு ஆர்டர் குறைந்தால் இங்கே ஸ்பிண்டில் நின்றுவிடும். வங்கித் தவணை மட்டும் நிற்காது.

இப்போது அதே பட்டறைக்காரரின் செல்போனுக்குப் புது மாதிரி ஒரு செய்தி வருகிறது. ‘அலுமினிய பிராக்கெட், 40 பீஸ், ரூ.26,000, 12 நாளில் அனுப்ப வேண்டும், ஏற்கிறீர்களா?’ கீழே பச்சை நிறத்தில் ‘அக்செப்ட்’ பட்டன். பொருளைக் கடைசியில் யார் வாங்கப் போகிறார் என்று தெரியாது. பேரம் பேச எதிரில் ஆள் இல்லை. நாம் யோசிப்பதற்குள் இன்னொரு பட்டறை தட்டிவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். இந்த அவசரத்தில் கணக்குப் பார்க்காமல் தட்டிவிட்டால், மாதக் கடைசியில் மெஷின் முழுக்க ஓடியிருக்கும், கையில் காசு இருக்காது.

அந்தப் பட்டனை அமுக்கும் முன் என்ன பார்க்கணும், அமுக்கிய பிறகு பணம் வராவிட்டால் அரசு தரும் எந்தச் சேவையை நாடலாம் என்பதுதான் இந்தப் பாடம். உதாரணத்துக்கு வி.எம்.சி.யை எடுத்துக்கொண்டாலும் லேத், கிரைண்டிங், லேசர் கட்டிங் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

எதிரில் இருப்பது யார்?

‘ஆன்லைன் ஆர்டர்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் மூன்று விதமான இடங்கள் இருக்கின்றன. முதலாவது, விலாசம் கொடுக்கும் இடம். இந்தியாமார்ட் மாதிரி. அங்கே உங்களுக்குக் கிடைப்பது விசாரணைதான். பேசி, விலை சொல்லி, ஆர்டர் வாங்குவதெல்லாம் உங்கள் பாடு. இரண்டாவது, வாங்குபவர் டிராயிங்கைப் போட்டு நாலு பேரிடம் கொட்டேஷன் கேட்கும் இடம். வெளிநாட்டில் எம்.எஃப்.ஜி. தளம் இப்படி ஆரம்பித்ததுதான். அரசுத் துறைகளுக்குப் பொருள் விற்க 2016-இல் தொடங்கிய ஜெம் தளத்திலும் ஏல முறை உண்டு.

மூன்றாவதுதான் புதுசு. அமெரிக்காவின் சோமெட்ரி (2013-இல் தொடங்கியது), நம்ம ஊரில் பெங்களூருவின் ஜெட்வெர்க் (2018) போன்ற நிறுவனங்கள். இவை தரகர் அல்ல. வாங்குபவரிடம் தாங்களே ஆர்டர் எடுத்துக்கொண்டு, அந்த வேலையை உங்களைப் போன்ற பட்டறைகளிடம் கொடுத்துச் செய்து வாங்குகின்றன. சோமெட்ரி மாதிரி தளத்தில் கஸ்டமர் முப்பரிமாண மாடலைப் பதிவேற்றியதும் கம்ப்யூட்டரே அவருக்கு விலை சொல்லிவிடும். பட்டறைக்குக் காட்டுவது வேறு விலை. இரண்டுக்கும் இடையில் இருப்பது தளத்தின் பங்கு.

‘நடுவுல இருக்கறவன் தின்னுட்டான்’ என்று இதைக் கோபமாகப் பார்க்கத் தேவையில்லை. கஸ்டமரைத் தேடுவது, அவரிடம் பணம் வசூலிப்பது எல்லாம் அவர்கள் செலவு. ஆனால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்க. இந்த மூன்றாவது வகையில் சட்டப்படி உங்களிடம் பொருள் வாங்குபவர் அந்தத் தளத்து நிறுவனம்தான், கடைசியில் பொருளைப் பயன்படுத்தப் போகும் கம்பெனி இல்லை. பர்ச்சேஸ் ஆர்டரில் யார் பெயர், எந்த ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதோ அவர்தான் உங்களுக்குப் பணம் தரவேண்டியவர். பின்னால் தகராறு வந்தால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் அதுதான். பி.ஓ. வராமல் ‘ஆப்’பில் காட்டுவதை மட்டும் நம்பி மெட்டீரியல் வாங்கிவிடாதீங்க.

உங்கள் ஒரு மணி நேரம் எத்தனை ரூபாய்?

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்பவர்கள் நிறைய. ‘எங்க ஏரியாவுல இதான் ரேட்’ என்பார்கள். ஏரியா ரேட் என்பது பக்கத்துப் பட்டறைக்காரரின் கணக்கு. அவர் மெஷினுக்கு லோன் முடிந்திருக்கலாம், கட்டடம் சொந்தமாக இருக்கலாம். உங்கள் ரேட்டை நீங்கள்தான் போட வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு, உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் தவணை 55,000. ஆபரேட்டர் சம்பளம் 22,000. வாடகை 15,000. மின்சாரம் 14,000. டூல், இன்செர்ட், கூலன்ட், ஆயில் 12,000. ஆடிட்டர், இன்டர்நெட், கேஜ் காலிபரேஷன், வண்டிச் செலவு என்று 7,000. அப்புறம் உங்கள் சம்பளம் 25,000. இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை. புரோகிராம் போடுவது நீங்கள், செட்டிங் பார்ப்பது நீங்கள், ராத்திரி பத்து மணிக்குப் பார்சல் கட்டுவதும் நீங்கள். வெளியில் ஒருவரை வைத்தால் சும்மா வருவாரா? மொத்தம் மாதம் ரூ.1,50,000.

இதை எதால் வகுப்பது? மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208 மணி நேரம். வகுத்தால் சுமார் 720 ரூபாய். தப்பு இங்கேதான் நடக்கிறது. 208 மணி நேரமும் மெஷின் காசு சம்பாதிப்பதில்லை. மெட்டீரியல் வரவில்லை, கரன்ட் இல்லை, ஆபரேட்டர் லீவு, டிராயிங்கில் சந்தேகம் கேட்டு மெயில் போட்டுக் காத்திருக்கிறோம், ஆர்டரே இல்லை... இதெல்லாம் போக, பில் போடக்கூடிய நேரம் மாதம் 125 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வகுத்தால் 1,200 ரூபாய். 720-க்கும் 1,200-க்கும் உள்ள இடைவெளியில்தான் சின்னப் பட்டறைகள் விழுகின்றன.

உங்கள் பட்டறையின் 125 எவ்வளவு என்று கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்க. எந்த வேலை, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு. ஒரு மாதம் எழுதினால் போதும்.

அதே 40 பீஸ், இரண்டு கணக்கு

இப்போது செல்போனில் வந்த அந்த ஆர்டரைப் பார்ப்போம். 6061 அலுமினியம். ஒரு பீஸுக்கு 105 மி.மீ. நீளம், 65 அகலம், 30 தடிமன் உள்ள பிளாக் வேண்டும். கன அளவு 204.75 க.செ.மீ. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஆக எடை சுமார் 550 கிராம். அறுத்துக் கொடுக்கும் கூலியோடு பீஸுக்கு 240 ரூபாய் என்று வைப்போம். இரண்டு பீஸ் செட்டிங்கிலோ ரிஜெக்ஷனிலோ போகும் என்று 42 பிளாக் வாங்குகிறோம். ரூ.10,080. அனோடைசிங் 40 பீஸுக்கு 35 ரூபாய் வீதம் 1,400. பேக்கிங், கூரியர் 1,200.

மெஷினில் இரண்டு செட்டப். முதல் பக்கம் 9 நிமிடம், திருப்பிப் போட்டு 5 நிமிடம், ஆக 14 நிமிடம். 42 பீஸுக்கு 9.8 மணி. செட்டிங் 3 மணி. முதல் பீஸை அளந்து சரிபார்க்கும் வரை மெஷின் நிற்பது 1 மணி. மொத்தம் 13.8 மணி நேரம்.

மணிக்கு 720 ரூபாய் என்று போட்டால் மெஷின் செலவு ரூ.9,936, மொத்தச் செலவு ரூ.22,616. கிடைப்பது 26,000. ‘பரவால்லையே, 3,384 ரூபாய் நிக்குது’ என்று தோன்றும். மணிக்கு 1,200 என்று போட்டால் மெஷின் செலவு ரூ.16,560, மொத்தம் ரூ.29,240. இப்போது 3,240 ரூபாய் நஷ்டம். வேலையும் அதே, விலையும் அதே. ஒருவர் லாபம் என்று தட்டுகிறார், இன்னொருவர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்.

அப்படியென்றால் இந்த ஆர்டரைத் தொடவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த வாரம் மெஷின் சும்மாதான் நிற்கப் போகிறது என்றால் கணக்கு மாறும். தவணையும் வாடகையும் சம்பளமும் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற பணம். இந்த வேலைக்காகப் புதிதாகக் கையிலிருந்து போவது மெட்டீரியல், அனோடைசிங், கூரியர் சேர்த்து 12,680. மின்சாரமும் டூலும் சுமார் 2,870. ஆக 15,550. மீதி 10,450 ரூபாய் தவணைக்கும் வாடகைக்கும் உதவும். சும்மா நிற்பதற்கு இது தேவலை. ஆனால் இதே விலையில் மாதம் முழுக்க ஓட்டினால் 125 மணி நேரமும் தீர்ந்துவிடும், தவணை கட்டப் பணம் பத்தாது. பழைய கஸ்டமர் நல்ல விலைக்குக் கொண்டுவரும் வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டியும் வரும். அதனால் இரண்டு எண்களையும் மெஷின் பக்கச் சுவரில் எழுதி வைக்கலாம்: முழு விலை ஒன்று, வேலை இல்லாத வாரத்துக்கான கீழ் விலை ஒன்று. இரண்டாவது எண்ணுக்குக் கீழே என்ன வந்தாலும் பட்டனைத் தொடக்கூடாது.

‘திரும்பத் திரும்ப வரும், அப்போ லாபம் பார்த்துக்கலாம்’ என்ற சமாதானமும் உண்டு. ரிபீட் ஆர்டரில் செட்டிங் நேரம் குறையும் என்பது உண்மை. மேலே உள்ள வேலையில் செட்டிங்கும் சரிபார்ப்பும் சேர்ந்து 1.2 மணிக்குள் முடிந்தாலும் மொத்தச் செலவு ரூ.25,880 வருகிறது. மிஞ்சுவது 120 ரூபாய். அதுவும், மறுபடி வரும் ஆர்டர் உங்களுக்கே வரும் என்று எழுத்தில் இருந்தால்தான். இல்லையென்றால் உங்கள் முதல் பேட்ச் அனுபவம் உங்களோடு நிற்கும், இரண்டாம் ஆர்டர் இன்னொரு பட்டறைக்குப் போகும்.

டிராயிங்கில் ஒளிந்திருக்கும் செலவு

பக்கத்துக் கம்பெனி டிராயிங்கில் சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்டுவிடலாம். ‘அந்த டைமென்ஷன் சும்மா போட்டது, விட்ருங்க’ என்பார்கள். ஆன்லைனில் அந்த ‘விட்ருங்க’ கிடையாது. பொருள் போய்ச் சேரும் இடத்தில் ஒருவர் டிராயிங்கை வைத்து அளப்பார், அவ்வளவுதான்.

வெளிநாட்டு வேலை என்றால் முதலில் புரொஜெக்ஷன் குறியீட்டைப் பாருங்கள். நம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்கில் சொல்லித் தருவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்க டிராயிங் தேர்ட் ஆங்கிளில் வரும். இதைக் கவனிக்காமல் புரோகிராம் போட்டால் ஓட்டை எதிர்ப் பக்கத்தில் விழும், 40 பீஸும் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிவிடும். அடுத்தது அலகு. அங்குலத்தில் 0.250 என்றால் 6.35 மி.மீ., ±0.005 என்றால் 0.127 மி.மீ. மில்லிமீட்டர் என்று நினைத்து ஐந்து மைக்ரானுக்கு விலை போட்டால் ஆர்டர் கிடைக்காது. அங்குலத்தில் சொன்னதைத் தளர்வாக எடுத்துக்கொண்டால் பொருள் திரும்பி வரும்.

நம் உதாரணப் பிராக்கெட்டில் 20 மி.மீ. எச்7 துளை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20.000-க்கும் 20.021-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அனோடைசிங் செய்தால் அந்தப் படலத்தில் ஏறக்குறைய பாதி மேலே வளரும். படலம் 12 மைக்ரான் என்றால் துளையின் ஒவ்வொரு பக்கமும் 6 மைக்ரான், விட்டத்தில் 12 மைக்ரான் குறையும். மெஷினில் 20.008 என்று அழகாக முடித்த துளை, அனோடைசிங் முடிந்து வரும்போது 19.996. ரிஜெக்ட்! டிராயிங்கில் சொல்லியிருக்கும் அளவு கோட்டிங்குக்கு முன்பா, பின்பா என்று ஆர்டர் ஏற்கும் முன்பே தளத்தின் மெசேஜ் பெட்டியில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்க. போனில் கேட்டால் பின்னால் ஆதாரம் இருக்காது. முப்பரிமாண மாடலும் டிராயிங் தாளும் ஒத்துப்போகவில்லை என்றாலும் அப்படியே, எது செல்லும் என்று எழுத்தில்.

பேப்பர் வேலைக்கும் நேரம் ஆகும். மெட்டீரியலுக்கு மில் டெஸ்ட் சர்டிபிகேட், அதில் ஹீட் நம்பர், அளவுகளின் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எல்லாம் கேட்பார்கள். ‘6061 சார், நம்பி வாங்குங்க’ என்று கடைக்காரர் சொல்வது சர்டிபிகேட் ஆகாது. மைக்ரோமீட்டர், பிளக் கேஜ் இவற்றின் காலிபரேஷன் தேதி முடிந்திருந்தால் நீங்கள் தரும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் வருடா வருடம் செய்து, சான்றிதழை பி.டி.எஃப். ஆகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம்ம பசங்களுக்காக. மெஷின் ஓடுவதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ ரீல்ஸிலோ போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. தளத்தில் சேரும்போது நீங்கள் ‘ஏற்கிறேன்’ என்று தட்டிய நிபந்தனைகளில் ரகசியக் காப்பு ஒப்பந்தமும் இருக்க வாய்ப்பு அதிகம். கஸ்டமரின் பார்ட் வீடியோவில் தெரிந்தால் அது ஒப்பந்த மீறல். சிப்ஸ் பறப்பதை மட்டும் எடுங்கள்.

ஆர்டருக்கு முன்பே உத்யம்

நீங்கள் குறுந்தொழில் என்பதற்கு மத்திய அரசின் உத்யம் பதிவுதான் அடையாளம். 2020 ஜூலை 1 முதல் இந்த முறை இருக்கிறது. ஆதார், பான் போதும்; ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணும் வேண்டும். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓ.டி.பி. வரும், பதிவு முடிந்துவிடும். கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் உள்ள தளங்கள் பணம் கேட்கும். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா பார்த்துவிட்டு உள்ளே போங்க. சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் கூடியிருக்கின்றன. இயந்திரம், தளவாட முதலீடு ரூ.2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் ரூ.10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். ஒன்றிரண்டு வி.எம்.சி. வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடுவார்கள்.

முக்கியமான விஷயம், பதிவு எப்போது செய்கிறீர்கள் என்பது. பணம் வராமல் போன பிறகு பதிந்துவிட்டு, பழைய பில்லுக்கும் சேர்த்து உரிமை கேட்டால் ‘சப்ளை நடந்தபோது பதிவே இல்லையே’ என்ற வாதம் வரும். இது உச்ச நீதிமன்றம் வரை போன பிரச்சினை. முதல் ஆர்டருக்கு முன்பே பதிந்து, ஒவ்வொரு இன்வாய்ஸிலும் உத்யம் எண்ணை அச்சிட்டுவிட்டால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

ஜி.எஸ்.டி.யில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்டீரியல் அவர்கள் அனுப்பி நீங்கள் மெஷினிங் மட்டும் செய்தால் அது ஜாப் ஒர்க் என்ற சேவை. மெட்டீரியல் உங்களுடையது என்றால் பொருள் விற்பனை. பில்லில் போடும் குறியீடு வேறு, பதிவுக்கான வரம்பும் வேறு. எந்த விகிதம் என்று ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்யுங்க. வேறு மாநிலத்திலிருந்து ஜாப் ஒர்க்குக்கு மெட்டீரியல் வந்தால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்புவதாக இருந்தால் ஐ.இ.சி. எண்ணும், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்.யு.டி.யும் தேவை. எல்.யு.டி.யை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

பணம் வரும் நாள்

நம் 40 பீஸ் வேலைக்கு மெட்டீரியல் காசு முதல் நாளே போய்விட்டது. பொருள் போனது 12-ஆம் நாள். பணம் வருவது 45 நாள் கழித்து என்றால் கிட்டத்தட்ட இரண்டு மாதம். இதுபோல் மாதம் நாலு வேலை எடுத்தால் மெட்டீரியல், கோட்டிங், கூரியருக்கு மட்டும் மாதம் ஐம்பதாயிரம் ரூபாய், இரண்டு மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வெளியில் நிற்கும். இதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. 18 சதவீதம் என்று வைத்தால் 26,000-க்கு 4,680 ரூபாய். மெட்டீரியலில் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை, வாங்கியவர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் நீங்கள் கட்டியாக வேண்டும். எத்தனை ஆர்டர் ஏற்கலாம் என்பதை மெஷின் நேரத்தோடு கையிருப்பையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இங்கே உங்களுக்குத் துணை. உற்பத்தி அல்லது சேவை செய்யும் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தரவேண்டியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தளத்தின் நிபந்தனையில் ‘60 நாள்’, ‘90 நாள்’ என்று எழுதியிருந்தாலும் சட்டம் ஒப்புக்கொள்வது 45-தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வருமான வரியிலும் பிடி உண்டு. 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காத கம்பெனி, பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையைச் செலவாகக் கழிக்க முடியாது. மார்ச் மாதம் நினைவூட்டல் மெயில் போட்டால் பதில் சீக்கிரம் வருவதற்கு இது ஒரு காரணம்.

பலருக்குத் தெரியாத ஒரு வரி அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பொருள் டெலிவரி ஆன 15 நாளுக்குள் வாங்கியவர் குறை இருப்பதாக எழுத்தில் தெரிவிக்காவிட்டால், டெலிவரி ஆன நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். ஒரு மாதம் கழித்து, பணம் கேட்கும்போது மட்டும் ‘நாலு பீஸ் சரியில்லை’ என்று சொன்னால் இந்த வரியைக் காட்டலாம். ஆனால் டெலிவரி தேதிக்கு ஆதாரம் வேண்டும். கூரியர் ரசீது, டெலிவரி ஆனதைக் காட்டும் டிராக்கிங் ஸ்கிரீன்ஷாட், சலான் நகல், பேக்கிங்குக்கு முன் எடுத்த போட்டோ, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர் என்று போனிலேயே போட்டு வையுங்க. தளத்திலிருந்து உங்கள் கணக்கை நீக்கிவிட்டால் அங்கே இருக்கும் மெசேஜ் எதையும் பார்க்க முடியாது, அதனால் அவற்றையும் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவர் பெரிய கம்பெனி என்றால் டிரெட்ஸ் என்ற வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற ஆர்.எக்ஸ்.ஐ.எல்., எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற தளங்கள் இவை. உங்கள் பில்லை வாங்கியவர் அங்கே ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு அந்த பில்லுக்கு முன்கூட்டியே பணம் தரும். பின்னால் அந்தக் கம்பெனி பணம் கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் திருப்பிக் கேட்காது. விற்றுமுதல் ரூ.250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் டிரெட்ஸில் சேர்ந்தே ஆகவேண்டும். பதிவு செய்யும்போதே ‘நீங்க டிரெட்ஸ்ல இருக்கீங்களா?’ என்று கேட்பதில் தவறில்லை.

அதுவும் நடக்கவில்லை, 45 நாள் தாண்டிவிட்டது என்றால் இதற்கென்று உள்ள மத்திய அரசின் இணையதளம். உத்யம் எண்ணைப் போட்டு, பி.ஓ., இன்வாய்ஸ், டெலிவரி ஆதாரம் இவற்றைப் பதிவேற்றினால் விண்ணப்பம் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்த மன்றங்கள் இருக்கின்றன. வாங்கியவர் குர்கானில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டாம். பொருள் கொடுத்தவர் இருக்கும் இடத்து மன்றமே வழக்கை எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. முதலில் சமரசப் பேச்சு, அது முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஒன்று மட்டும் கவனம்: பி.ஓ. கொடுத்தது இந்தியாவுக்கு வெளியே உள்ள நிறுவனம் என்றால் இந்த வழி எளிதில் உதவாது. அங்கே முன்பணம் கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு.

கடைசியாக, ஆர்டரே இல்லாத ஆர்டர்கள். பெரிய கம்பெனியின் பெயரில் அழகான டிராயிங் வரும், ‘உங்க பட்டறையை செலக்ட் பண்ணிட்டோம், வெண்டார் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இவ்வளவு கட்டுங்க’ என்று போன் வரும். வேலை கொடுப்பதற்கு முன்பே உங்களிடம் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்க. பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தகவல் போனால்தான் அதை முடக்கி வைக்க முடியும். பரிவர்த்தனை எண்ணையும் பணம் போன நேரத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.